இடி நேரா விழலை, ஆனா டவர் ரேடியோவும் ஸ்விட்ச் போர்ட்டும் மறுபடி போச்சு: எர்த்திங்ல எங்கே தப்பு?

வானலை:
வணக்கம். 6 கி.மீ. பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க் (இரண்டு இடங்களை ரேடியோவால் இணைப்பது), 5.8 கிகாஹெர்ட்ஸ். இந்தப் பக்கம் 15 மீட்டர் ஜிஐ பைப் டவர், கட்டடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி தரையில் நிற்கிறது. மேலே இரட்டை போலரைசேஷன் டிஷ், அதன் முதுகில் ரேடியோ, நடுவில் இரண்டு ஜம்பர் கேபிள். 24 வோல்ட் பாசிவ் பிஓஇ, அதாவது ரேடியோவுக்குக் கரண்ட் ஈதர்நெட் கேபிளிலேயே போகிறது, அதை ஏற்றும் இன்ஜெக்டர் கட்டடத்துக்குள். ஈதர்நெட் கேபிள் ஷீல்டு உள்ள அவுட்டோர் கேட்5இ.

உச்சியில் இடிதாங்கி உண்டு. டவர் அடியில் தனி எர்த் குழி, எர்த் மெகர் (எர்த் ஓம் அளக்கும் மீட்டர்) வைத்து அளந்ததில் 4 ஓம். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஈதர்நெட் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடுவது), அதிலிருந்து 1.5 சதுர மி.மீ. பச்சை வயர் குழி வரை இறங்குகிறது.

நேற்று ராத்திரி இடிக்குப் பிறகு ரேடியோவின் லேன் போர்ட், இன்ஜெக்டர், ஸ்விட்சில் 2 போர்ட் எல்லாம் காலி. டவரில் கருகல், உருகல் எதுவும் இல்லை. போன மழைக்காலத்திலும் இதே கதைதான். ஸ்பேர் ரேடியோ மாட்டியதும் லிங்க் வந்துவிட்டது, ஆனால் அதன் இரண்டு சிக்னல் பாதையில் செயின் 0 −57 டிபிஎம் (சிக்னல் அளவு), செயின் 1 −73. முன்பு இரண்டுமே −57 பக்கம்தான் இருக்கும்.

எர்த்தை 1 ஓமுக்குக் கொண்டுவந்தால் தீருமா? இல்லை, பெரிய ப்ரொடெக்டர் போட வேண்டுமா?

நட்டுபோல்ட்:
சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் தெரியணும். டவர் எர்த்தும் கட்டட எர்த்தும் எங்கேயாவது சேர்ந்திருக்கா? இன்ஜெக்டர் பிளக் 2 பின்னா 3 பின்னா? கேபிளோட ரெண்டு முனையிலயும் ஆர்ஜே45 பிளக் மெட்டலா? கட்டடத்துக்குள்ள கேபிள் நுழையற இடத்துல ப்ரொடெக்டர் இருக்கா?

வானலை:
சேரவில்லை. இடிதாங்கி எர்த்தை கரண்ட் எர்த்தோடு சேர்க்கவே கூடாது என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். இன்ஜெக்டர் 2 பின். மேலே மெட்டல் ஆர்ஜே45, கீழே பிளாஸ்டிக். உள்ளே ப்ரொடெக்டர் இல்லை.

செம்புக்கம்பி:
அந்தப் பதிலிலேயே விடை இருக்கிறது. இரண்டு எர்த்தையும் சேர்க்கக் கூடாது என்பது ரொம்பப் பரவலான தப்பு. மின்னல் பாதுகாப்புக்கான ஐஇசி 62305 தரம் கேட்பதே நேர் எதிர்: எல்லா எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். நீங்கள் இணைக்காவிட்டாலும் உங்கள் ஈதர்நெட் கேபிள் இரண்டையும் இணைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இணைப்புக் கம்பி வேலையை 24 கேஜ் வயரும் ஸ்விட்ச் போர்ட்டும் செய்கின்றன.

ஓம் கணக்கைப் பாருங்கள். நடுத்தரமான ஒரு மின்னல் 30 கிலோ ஆம்பியர். 4 ஓம் குழியில் அது இறங்கினால் டவர் அடி 1,20,000 வோல்ட் ஏறும். 1 ஓம் ஆக்கினாலும் 30,000. நேராக விழாமல் பக்கத்தில் விழுந்து 1,000 ஆம்பியர்தான் உங்கள் குழிக்கு வந்தது என்றாலும் 4,000 வோல்ட். ஈதர்நெட் போர்ட்டின் டிரான்ஸ்ஃபார்மர் தாங்க வேண்டிய சோதனை அழுத்தம் வெறும் 1,500 வோல்ட். ஆகவே ஓமைக் குறைத்து ஜெயிக்க முடியாது. டவர் எவ்வளவு ஏறினாலும் கட்டடமும் அதோடு சேர்ந்து ஏறினால் போதும். நடுவில் வித்தியாசம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ப்ரொடெக்டர் பெரிதா சிறிதா என்பதும் இங்கே கேள்வி இல்லை. மேலே உள்ளது தன் வேலையைச் செய்து, கேபிளின் 8 கம்பியையும் டவரின் அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டது. மறுமுனையில் தடுக்க ஆள் இல்லாததால் அது இன்ஜெக்டர், ஸ்விட்ச் வழியாகக் கட்டட எர்த்தைத் தேடிப் போயிருக்கிறது.

பிறகு ஏன் ரேடியோவும் போனது? அந்தப் பச்சை வயர்தான். மின்னல் வேகத்தில் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் பெரிய விஷயமே இல்லை, இண்டக்டன்ஸ்தான் (கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) பேசும்: மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. 15 மீட்டருக்கு 15. மைக்ரோ விநாடிக்கு 1,000 ஆம்பியர் என்று மெதுவாக ஏறினால்கூட அந்த வயரில் 15,000 வோல்ட் விழும். ரேடியோ டவர் பைப்பைத் தொட்டு நிற்கிறது, ப்ரொடெக்டரோ 15 மீட்டர் கீழே உள்ள எர்த்தைப் பார்க்கிறது. அந்த வித்தியாசம் முழுவதும் லேன் போர்ட்டில்.

மேலே செய்ய வேண்டியது: பச்சை வயரைக் கழற்றிவிட்டு, ப்ரொடெக்டரை 15 செ.மீ.க்குள் டவர் பைப்பிலேயே கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பெயின்ட் இருந்தால் உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பைப் துண்டுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜம்பர். செம்பு லக்கை (வயர் முனையில் நசுக்கும் வளையம்) நேராக ஜிஐ மேல் வைக்காதீர்கள், வெள்ளீயம் பூசிய லக்கும் எஸ்எஸ் வாஷரும் போடுங்கள். இல்லையென்றால் சில மழையில் துத்தநாகம் அரித்து இணைப்பு தளர்ந்துவிடும். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டுவது வேண்டவே வேண்டாம், சுருள் என்றால் இண்டக்டன்ஸ் இன்னும் கூடும்.

தரையில்: டவர் அடியிலிருந்து கட்டடத்தின் மெயின் எர்த் பார் (எல்லா எர்த் கம்பியும் வந்து சேரும் பட்டை) வரை, அரை மீட்டர் ஆழத்தில் 25×4 மி.மீ. ஜிஐ பட்டை. போகும் வழியில் 5 மீட்டருக்கு ஒன்றாக 2.4 மீட்டர் ராடு அடித்துப் பட்டையோடு சேருங்கள். பட்டையிலிருந்து பாருக்கு உள்ளே போகும் துண்டு 16 சதுர மி.மீ. செம்பு.

கட்டடத்தில்: கேபிள் நுழையும் இடத்திலேயே இரண்டாவது ப்ரொடெக்டர், அதன் எர்த் லீட் முடிந்தவரை குட்டையாக அதே பாருக்கு. மெயின் போர்டில் டைப் 1+2 எஸ்பிடி (கரண்ட் லைனுக்கான சர்ஜ் ப்ரொடெக்டர்), அதன் லீட் எல்லாம் சேர்த்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. இன்ஜெக்டர் 3 பின் ஆக வேண்டும். 2 பின் என்றால் ஷீல்டு வந்து நிற்பது அந்தரத்தில். கீழே மெட்டல் ஆர்ஜே45 அடித்து, டிரெயின் வயரை (ஷீல்டோடு ஓடும் வெறும் கம்பி) உறைக்கு மேல் மடக்கி மெட்டல் வாலுக்கு அடியில் நசுக்குங்கள்.

இன்னொன்று. பழைய மாடல் ப்ரொடெக்டர் சிலவற்றில் 1, 2, 3, 6 எண் கம்பிகளுக்கு மட்டும்தான் காவல். உங்கள் பாசிவ் பிஓஇ கரண்ட் போவது 4, 5, 7, 8-ல். 8 கம்பிக்கும் காவல் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

மழைக்காகிதம்:
எதுக்கு இவ்வளவு? ஷீல்டு, எர்த் எல்லாத்தையும் கழட்டிட்டு டவரை அந்தரத்துல விட்டா மின்னல் தேடி வராதே?

செம்புக்கம்பி:
வரும். அது உயரத்தைப் பார்த்து வருகிறது. எர்த் வயர் கட்டியிருக்கிறதா என்று பார்த்து வருவதில்லை. கழற்றிவிட்டால் கீழே இறங்க மிச்சம் இருக்கும் ஒரே வழி ஈதர்நெட் கேபிள். சின்ன இடிக்கே கட்டடத்துக்குள் பொறி பறக்கும்.

நட்டுபோல்ட்:
எர்த் விஷயம் அவர் சொல்லிட்டார். செயின் 1 சமாச்சாரத்துக்கு வர்றேன். 16 டிபி வித்தியாசம் அலைன்மென்ட் தப்புல வராது, அப்படின்னா ரெண்டு செயினும் சேர்ந்துதான் விழும்.

பவரை ஆஃப் பண்ணிட்டு, ரேடியோ பக்கத்துல ரெண்டு ஜம்பரையும் ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாட்டுங்க. −73 செயின் 1-லயே நின்னா உங்க ஸ்பேர் ரேடியோ கோளாறு. செயின் 0-க்கு மாறினா ரேடியோ நல்லாருக்கு. ஜம்பர், டிஷ், இல்லேன்னா எதிர் முனை. அடுத்து எதிர் முனையிலயும் இதே மாதிரி மாத்துங்க. குறைவான எண் திரும்ப செயின் 1-க்கு வந்தா அந்த முனை ரேடியோவோட ஒரு டிரான்ஸ்மிட்டர் அடி வாங்கியிருக்கு. மின்னல்ல முழுசா சாகாம பாதி செத்துக் கிடக்கிற ரேடியோ நிறைய உண்டு. எண் அசையாம நின்னா ஜம்பர் அல்லது டிஷ்தான்.

ஜம்பரைக் கழட்டும்போது கனெக்டர் உள்ளே பச்சையா பூத்திருந்தா தண்ணி போயிருக்கு. துடைச்சு திரும்ப மாட்டாதீங்க, ஜம்பரையே மாத்துங்க. புதுசுக்குத் தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்து, அகலம் பாதியாகிற அளவுக்கு, கீழேருந்து மேலே சுத்தணும். ஓட்டு வேயற மாதிரி அடுக்கு வந்தாதான் தண்ணி வழிஞ்சு போகும். மேலே வெயில் தாங்கற பிவிசி டேப்.

பழைய சர்ஜ் ப்ரொடெக்டரை நம்பாதீங்க. மீட்டர்ல கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் காட்டினா செத்துப்போச்சு. எதுவும் காட்டலேன்னா நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. அதுக்குள்ள காவலா இருக்கிற வாயுக்குழாய் 90 வோல்ட் மாதிரி அழுத்தத்துக்கு மேலதான் பத்தும், மீட்டரோட 9 வோல்ட்ல எதுவும் தெரியாது.

வானலை:
நன்றி சார் இருவருக்கும். பட்டை புதைப்பதற்குப் பதில் 20 மீட்டருக்கு ஃபைபர் இழுத்துவிட்டால்?

செம்புக்கம்பி:
உண்மையில் அதுதான் சிறந்த வழி. 20 மீட்டர் பட்டைக்கும் 20 மைக்ரோஹென்றி உண்டு, வித்தியாசம் குறையுமே தவிர பூஜ்யமாகாது. ஆனால் ஃபைபரில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது: மீடியா கன்வெர்ட்டருக்கு (ஃபைபரையும் ஈதர்நெட்டையும் இணைக்கும் பெட்டி) கரண்ட் வேண்டுமே என்று கட்டடத்திலிருந்து பவர் கேபிளைக் கூடவே இழுப்பார்கள். செம்பு திரும்ப வந்துவிட்டது. இரும்புக் கம்பி உள்ள ஃபைபரும் அதே கதை, உலோகமே இல்லாத வகையாக வாங்குங்கள்.

பவர் டவர் அடியிலேயே சோலாரில் இருக்கட்டும். ரேடியோவும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 12 வாட் என்றால் நாளுக்கு 288 வாட்-அவர். 12 வோல்ட் 100 ஏஹெச் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் 2 நாள் ஓட்டலாம். 150 வாட் பேனல், 24 வோல்ட் பூஸ்ட் கன்வெர்ட்டர். மேலே உள்ள ப்ரொடெக்டர் அப்படியே இருக்க, கீழே பெட்டியில் இன்னொன்று, இரண்டும் டவர் எர்த்துக்கு.

வானலை:
இப்போதைக்குப் பட்டை, அடுத்து ஃபைபர் என்று முடிவு. சேர்ப்பதற்கு முன் இரண்டு எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஏசி 11 வோல்ட் காட்டுகிறது. பரவாயில்லையா?

செம்புக்கம்பி:
பரவாயில்லை என்று விட முடியாது. சேர்க்காதீர்கள். கட்டடத்து மெயினை ஆஃப் செய்துவிட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். 11 போய்விட்டால் உள்ளே ஏதோ ஒரு சாதனமோ வயரிங்கோ எர்த்துக்குக் கசிகிறது. எம்சிபிக்களை ஒவ்வொன்றாக ஏற்றி எதில் திரும்புகிறது என்று பிடிக்கலாம். மெயின் ஆஃபிலும் 11 நின்றால் நியூட்ரல் கோளாறு வெளியிலிருந்து வருகிறது, அதை மின் வாரிய ஆட்கள்தான் பார்க்க வேண்டும். அதற்குள் பட்டையைச் சேர்த்தால் அந்தக் கரண்ட் முழுவதும் அதன் வழியாக ஓடும். சரி செய்து 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் சேருங்கள். சேர்த்தபின் டவர் அடிக்கும் பாருக்கும் நடுவில் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மீட்டர் லீடின் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நட்டுபோல்ட்:
டவர்ல ஏற வேண்டிய வேலையெல்லாம் கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழிச்சு வைச்சுக்கோங்க. செயின் மாத்திப் பார்த்த எண்ணை ரெண்டு முனைக்கும் இங்கே போடுங்க.