விட்ட மீன் பிழைத்ததா? தூண்டில்காரர்களின் அனுபவங்கள்

கழிமுகத்தான் (சென்னை)

கொடுவா மீன் பிடிக்கும் போட்டிக்குப் போனவர்களுக்கு இடம் தெரியும், பெயர் வேண்டாம். எடைக்குத்தான் பரிசு, பிடித்ததை உயிரோடு குளத்தில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. உச்சி வெயிலில் ஒரு பையனுக்கு ஆறேழு கிலோ மீன் மாட்டியது, நல்ல இழுப்பு. லிப் கிரிப்பை (மீனின் வாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) தாடையில் மாட்டித் தராசில் செங்குத்தாகத் தொங்கவிட்டார்கள், முள் நிற்கவில்லை என்று இன்னொரு தடவை. அப்புறம் பேனர் முன்னால் போட்டோ, ரீல்ஸுக்கு ஒரு டேக், கை வலிக்கிறது என்று நடுவில் சிமெண்ட் தரையில் வேறு கிடத்தினார்கள். அந்த நேரத்துக்கு அந்தத் தரையில் செருப்பில்லாமல் யாரும் நிற்க முடியாது. செவுள் அகலத் திறந்து திறந்து மூடியது, பிறகு திறந்தபடியே நின்றுவிட்டது. தண்ணீரில் போட்டதும் வாலை ஒரு வெட்டு வெட்டி உள்ளே போனது, எல்லோரும் கைதட்டினார்கள்.

பரிசு கொடுக்கும்போது கோரை ஓரமாக வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. வேலையாள் வலையில் அள்ளிக்கொண்டு போனார், முடிவு மாறவில்லை. கொடுவா சின்னதில் ஆண், வளர்ந்த பிறகு பெட்டையாக மாறும், ஆகவே பெரிய மீன் என்றால் பெரும்பாலும் பெட்டைதான். குளத்து மீன் முட்டையிடப் போவதில்லை, சரி. ஆனால் இதே ஆட்கள்தான் முட்டுக்காடு, பழவேற்காடு உப்பங்கழிகளிலும் இதே மாதிரி பிடிக்கிறார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

பிடோக்_ராத்திரி (சிங்கப்பூர்)

பிடோக் ஜெட்டி (கடலுக்குள் நீளும் மேடை) எவ்வளவு உயரம் என்று வந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் திருக்கையைத் தூண்டில் நரம்பிலேயே மேலே தூக்கினார், பாதியில் அறுந்து கைப்பிடிக் கம்பியில் மோதி உள்பக்கம் விழுந்தது. முள் குத்திவிடுமே என்ற பயத்தில் வாலை அடியோடு வெட்டினார், பிறகு "பாவம், போகட்டும்" என்று தண்ணீரில் தள்ளினார். பக்கத்தில் இருந்த அங்கிள் மட்டும், "வேண்டாம் என்றால் நரம்பை வெட்டிவிட வேண்டியதுதானே, ஏன் மேலே ஏற்றினாய்?" என்று கேட்டார். பதில் இல்லை. எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை, கம்பியைக் கழுவிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

முத்துநகர்_வல்லம் (தூத்துக்குடி)

கழிமுகத்தான் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட பிரச்சினை. பிடித்தால் சாப்பிடு, இல்லையென்றால் பிடிக்காதே.

அப்பாவின் வள்ளத்தில் ஜிக்கிங் (கனமான உலோக இரையை ஆழத்தில் இறக்கிச் சுண்டிப் பிடிப்பது) பழக வந்த ஒருவருக்கு இருபத்தைந்து பாகம் (ஏறக்குறைய 45 மீட்டர்) ஆழத்தில் ஒரு கலவா மாட்டியது. அவ்வளவு ஆழத்திலிருந்து சரசரவென்று இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், கண் பிதுங்கி, வாய்க்குள்ளிருந்து பலூன் மாதிரி ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அவர் அதைக் காற்றுப்பை (மீன் மிதக்க உதவும் உள்ளுறுப்பு) என்று நினைத்துக் கத்தியை எடுத்து டப்பென்று குத்தினார். யூடியூபில் பார்த்தாராம். அது மீனின் இரைப்பை! காற்றுப்பை உள்ளே வீங்கி இரைப்பையை வெளியே தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். குத்தியதைத் தண்ணீரில் விட்டுவிட்டு "ரிலீஸ்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அது உள்ளே இறங்கவே இல்லை, பக்கவாட்டில் சுற்றியது. அப்பா ஒன்றும் பேசாமல் கொக்கியால் திரும்ப எடுத்து, கட்டையால் தலையில் ஒரே போடு, செவுளை அறுத்து ரத்தம் வடித்து ஐஸில் வைத்தார். அதற்கு அந்த ஆள், "ஏன் அண்ணாச்சி கொன்றீர்கள்?" என்று கேட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

நெக்கர்_தூண்டில் (ஜெர்மனி)

முத்துநகர் சொல்வது இங்கே ஏறக்குறைய சட்டம். தகுந்த காரணம் இல்லாமல் விலங்குக்கு வலி கொடுக்கக் கூடாது என்கிறது விலங்குப் பாதுகாப்புச் சட்டம், விடுவதற்கென்றே பிடிப்பதைப் பல இடங்களில் அந்தக் காரணமாக ஏற்பதில்லை. தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்கினேன். பக்கத்தில் ஒரு பையன் மீனை உயிரோடு வாளியில் போட்டதற்கு ஒரு தாத்தா ஆற்றங்கரையிலேயே வகுப்பெடுத்தார்: முதலில் தலையில் அடித்து மயக்கு, உடனே அறுத்து ரத்தம் வடி. அந்தப் பையன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டில் விடத்தான் போகிறீர்கள் என்றால் சிலவற்றைச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்று தெரியும். 1992இல் கனடாவில் வானவில் டிரவுட் மீன்களைக் களைக்க ஓட்டிவிட்டுப் பார்த்தார்கள், வெளியே எடுக்காமல் விட்டவற்றில் 88 சதவீதம் 12 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருந்தன, 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62, ஒரு நிமிடம் வைத்தவற்றில் வெறும் 28. குளிர்ந்த தண்ணீர் மீன், கொடுவாவுக்கு அதே கணக்கு பொருந்தாது, ஆனாலும் கழிமுகத்தானின் போட்டியில் மீன் எத்தனை நிமிடம் வெளியே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வெயில் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், துண்டால் பிடித்தால் மேலே இருக்கும் வழவழப்பு போய்விடும், பூஞ்சையும் கிருமியும் அங்கேதான் பிடிக்கும். முடிச்சில்லாத ரப்பர் வலை வாங்குங்கள். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் ஒரு விநாடியில் கழன்றுவிடும். உயிர் இரை போடுபவர்கள் சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கம் வளைந்த கொக்கி) போடுங்கள், தொண்டைக்குள் போகாமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், ஆனால் சுண்டக் கூடாது, நரம்பை மெதுவாக இறுக்கினால் போதும். விழுங்கிவிட்டால் தோண்டாதீர்கள், நரம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கு ஒரு கை கொடுங்கள். ஆழத்து மீனை எடைகட்டிய கிளிப்பில் மாட்டித் திரும்ப இறக்கலாம், காற்றுப்பை அழுத்தத்தில் தானே சுருங்கும். மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கக் கடற்பகுதியில் பவளப்பாறை மீன் பிடிக்கும் படகில் இந்தக் கருவியோ காற்று வெளியேற்றும் ஊசியோ இருக்க வேண்டும் என்று 2022இல் கட்டாயமாக்கினார்கள்.

தோமான்_ராஜா (பேராக்)

அண்ணா, இவ்வளவும் கையை நனைப்பது பற்றித்தான். தோமான் (விரால் இனத்துப் பெரிய மீன்) விஷயம் யாரும் பேசவில்லை லா. தெமெங்கோர் ஏரியில் கைடு ஒருவர் செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு விடும் இடத்தைப் பார்த்து, அதன் நடுவிலேயே தவளை இரையைப் போடச் சொன்னார். காவல் காக்கும் மீன் பசிக்குக் கடிப்பதில்லை, குஞ்சுக்காகக் கடிக்கிறது, நிச்சயம் மாட்டும் என்று அவருக்குத் தெரியும். கூட வந்தவர் இழுத்தார், படகிலேயே வெட்டிவிட்டார்கள். குஞ்சுகள் படகைச் சுற்றிக்கொண்டே இருந்தன, கொஞ்ச நேரத்தில் கீழே வேறு மீன்கள் அடிக்க ஆரம்பித்தன. முத்துநகர், இவரும் பிடித்துச் சாப்பிட்டவர்தான். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

முத்துநகர்_வல்லம்

எங்கள் ஊர்ப்பக்கம் குளத்து விராலுக்கும் இதே கதைதான். குஞ்சோடு இருக்கும்போது பிடிப்பவனை நான் எங்கே ஆதரித்தேன்? அதற்காக இரைப்பையைக் குத்தி விட்டவரை நல்லவர் என்று சொல்ல முடியாது.

கழிமுகத்தான்

நெக்கர், பாதி எனக்குத் தெரிந்ததுதான், கணக்கு புதுசு, நன்றி. அடுத்த போட்டிக்கு எடைக்குப் பதில் நீளம் என்று கேட்டிருக்கிறேன்: நனைத்த அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, ஒரு போட்டோ, உடனே தண்ணீர். தராசு இல்லாமல் ஸ்பான்சர் வரமாட்டார் என்கிறார்கள். ரப்பர் வலை சென்னையில் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும்? ஆன்லைனில் வாங்கியது கைப்பிடியோடு கழன்று வந்துவிட்டது.