பூனைக்கான காப்பீட்டைத் தொடரலாமா?

வணக்கம். லண்டனில், ஹாரோவில் இருக்கிறோம். எங்கள் முத்துவுக்கு ஆறு வயது, வீட்டைவிட்டு வெளியே போகாத ஆண் பூனை. சென்ற மாதம் ஓர் இரவு மணல் தட்டில் ஏறி ஏறி இறங்கினான். முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டுச் சிறுநீர் வரவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. ஆண் பூனைக்கு இப்படி அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும் என்பது அன்றுதான் தெரிந்தது. குழாய் செருகி, மூன்று நாள் வைத்திருந்து காப்பாற்றிக் கொடுத்தார்கள். பில் 1,900 பவுண்டு. எங்கள் பங்கு 99 பவுண்டு போக மீதியைக் காப்பீடு கொடுத்தது.

இப்போது புதுப்பிக்கும் கடிதம் வந்திருக்கிறது. மாதம் 14 பவுண்டாக இருந்த பிரீமியம் 27 ஆகிவிட்டது! வேறு நிறுவனத்துக்கு மாறினால், ஏற்கெனவே இருந்த நோய் என்று இதை ஒதுக்கிவிடுவார்கள். அடைப்போ திரும்பவும் வரக்கூடியது. கையில் இருப்பது வாழ்நாள் பாலிசி, அதாவது வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே வந்தால் பழைய நோய்க்கும் தொடர்ந்து பணம் தரும் வகை; விட மனம் வரவில்லை. அந்தப் பணத்தை நாமே சேமிக்கலாம் என்கிறார் கணவர். கணக்குப் போட்டேன்: இன்னொரு 1,900 சேர ஏறக்குறைய ஆறு வருடம் ஆகும்.

வயதான பூனை வைத்திருக்கும் அக்கா, அண்ணன்மாரே, எட்டு வயதுக்குமேல் உங்கள் பிரீமியம் எவ்வளவு ஏறியது? சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்றார்களா? 15ஆம் தேதிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.