தூதரகம் மூடினா விசா நேர்முகம் என்னாகும்?

கேள்வி (உப்புவெளி): திங்கள் கொழும்பில அமெரிக்க விசா நேர்முகம். பயங்கரவாத மிரட்டலால தூதரகத்தை மூடினா கட்டின காசு போயிடுமோ?

பதில்: போகாது, ரசீது 365 நாளைக்குச் செல்லும். நீங்களா ரத்துச் செய்யாதேங்கோ, புதுத் திகதி பற்றி வழக்கமா மின்னஞ்சல்ல அறிவிப்பினம். திருமலையில இரவு ரயில் ஏற முன்னம் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கோ.

பதில்: மூடுறதெண்டா பொதுச் சேவையை நிப்பாட்டுறது. தங்கட நாட்டவருக்கு அவசர உதவி வழக்கமா நடக்கும். 2013 ஓகஸ்ட் 4, அல்கைதா மிரட்டலால இருபதுக்கு மேல அமெரிக்கத் தூதரகம், துணைத்தூதரகம் மூடினவை. ஞாயிறுதான், ஆனா வளைகுடாவில அப்ப வேலை நாள். ஒரு கிழமையில பெரும்பாலும் திறந்திட்டினம்; யேமன் சனா மட்டும் இழுபட்டது.

பதில்: கட்டார்ல பிள்ளையள் இருக்கிறவை பதறாதேங்கோ. அமெரிக்கா மூடினா இலங்கைத் தூதரகமும் மூடும் எண்டில்லை. அது அந்தந்த நாட்டின்ர முடிவு.