அரெஸ்டின்: தடுப்பியா, மறிப்பியா?

உவர்மலை, உயிரியல் ஆசிரியர்:
திருகோணமலை உயர்தர ஆசிரியர்களுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். வாங்கி என்பது கலமென்சவ்வில் இருந்து வெளியே வரும் ஓமோனின் செய்தியை உள்ளே அனுப்பும் புரதம் (ஆங்கிலத்தில் ரிசெப்டர்). அதன் படத்தில் அரெஸ்டின் என்ற புரதத்துக்குத் தமிழ்ப் பெயர் மட்டும் பாக்கி. அதிரினலின் வெளியே பொருந்தினதும் வாங்கியின் ஏழு சுருள்களில் ஆறாவதின் உள்முனை மற்றச் சுருள்களை விட்டு விலகுது; 2011இல் வந்த பளிங்குக் கட்டமைப்பில் 14 ஆங்ஸ்ட்ரோம் (ஓர் ஆங்ஸ்ட்ரோம் மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அப்போது உட்பக்கம் திறக்கும் குழிக்குள், செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் ஜீ-புரதத்தின் அல்பா அலகு தன் வால்முனையைச் செருக, அதிலிருந்த ஜீடிபீ என்ற சிறு மூலக்கூறு கழன்று, அதைச் செயற்படுத்தும் ஜீரிபீ ஏறுது. பிறகு கைனேசு நொதியம் வாங்கியின் வாலில் பொசுபேற்றுகளை ஏற்ற, அரெஸ்டின் வந்து அதே குழியை அடைக்குது. ‘தடுப்பி’ என்று போடவா?

நிலாவெளி, ஆய்வு மாணவி:
வேண்டாம் சேர். இரத்த அழுத்த மருந்தான புரொப்பிரனலோலை ‘பீற்றா தடுப்பி’ என்கிறம். அது வெளிப்பக்கம் அதிரினலினின் இடத்தைப் பிடிக்கிறது, அரெஸ்டின் உட்பக்கம். பெயர் ஒன்றானால் பிள்ளைகள் மருந்தைக் கலத்துக்குள்ள வரைவினம். இன்னொன்று, படத்தில் வாங்கியோட ஒட்டியிருக்கிற லைசோசைம் புரதத்தையும் நனோபொடியையும் (தூள் இல்லை, சிறு பிறபொருளெதிரி) அழிச்சுவிடுங்கோ. பளிங்காக்கச் சேர்த்தவை, கலத்தில் இல்லை.

கிண்ணியா, தமிழாசிரியர்:
‘மறிப்பி’ என்று வையுங்கோ. எங்கட பேச்சில் மறியல் என்றால் சிறை, தமிழ்நாட்டில் வழியை அடைத்து நிற்பது. ஆங்கிலப் பெயரிலுள்ள ‘அரெஸ்ட்’ (பிடித்து நிறுத்துதல்) என்ற கருத்து இரண்டிலும் இருக்குது. மறிதிரை என்னும்போது அலை புரண்டு திரும்புது. மறு, மாறு எல்லாம் இதன் உறவுதான். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் மறியை இதில் சேர்க்கமாட்டன். ‘வாங்கி’ கடைச்சொல் மாதிரிக் கிடக்குது, அதை ‘ஏற்பி’ ஆக்குங்கோ.

நிலாவெளி, ஆய்வு மாணவி:
ஐயா, ஏற்பி என்றால் ஓமோனை உள்ளே எடுக்கிற மாதிரி. ஒலிவாங்கி சத்தத்தை வெளியே வாங்கி மின்னாக உள்ளே அனுப்புது. இதுவும் அதே வேலைதான். வில்லை வாங்குதல் என்றால் வளைத்தலும் அல்லவா? இங்க வளைவது ஆறாம் சுருள்.

கிண்ணியா, தமிழாசிரியர்:
வில்லை மறந்துபோனன், பிள்ளை. வாங்கி இருக்கட்டும். மறிப்பியை விடமாட்டன்.

மூதூர், மொழிபெயர்ப்பாளர்:
எனக்கு உடன்பாடில்லை. பீற்றா அரெஸ்டின் குழியை அடைக்கிறதோட நிற்கிறேல்லை. கிளத்திரின் என்ற உறைப்புரதத்தைப் பிடிச்சு வாங்கியைக் கலத்துக்குள்ள இழுக்குது. பிறகு கலத்துக்குள்ள செய்தி கடத்துகிற ஈஆர்கே வழிக் கைனேசுகளை அருகருகே தாங்கி நிற்குது. தாங்குகிற புரதத்தை மறிப்பி என்றால் பாதி வேலை மறைஞ்சு போகும். மனிதரில் நாலு வகை, இரண்டு கண்ணுக்கே உரியவை. எல்லாத்துக்கும் மூலப்பெயரே போதும். இன்சுலினை மொழிபெயர்த்தமா?

கிண்ணியா, தமிழாசிரியர்:
இன்சுலின் பிள்ளைக்குப் பழகின சொல், அரெஸ்டின் அப்படியில்லை. பொருள் தெரியாத ஒலியை எத்தினை நாளைக்கு மனப்பாடம் பண்ணுவினம்?

உவர்மலை, உயிரியல் ஆசிரியர்:
மூன்று பேர் மறிப்பிக்கு. படத்தில் ‘மறிப்பி’, அடியில் சிறிய எழுத்தில் ‘அரெஸ்டின்’. தாங்கும் வேலைக்கு ஒரு வரி சேர்க்கிறன். லைசோசைமை அழிச்சாச்சு.

மூதூர், மொழிபெயர்ப்பாளர்:
சொல்லடைவில் அகரவரிசைக்கு ‘அரெஸ்டின்’ முதலில் வரட்டும். மறிப்பிக்கு என் மறுப்பையும் குறித்து வையுங்கோ.