அம்மைக்க கால்முட்டுக்கு பெரிய சிவப்பு லைட் பேனல்: துபாய்ல இருந்து எதைக் கொண்டுவரச் சொல்ல?

பால்வெட்டுக்காரன் (குலசேகரம்)

எல்லாருக்கும் வணக்கம். மச்சினன் துபாய்ல இருந்து அடுத்த மாசம் லீவுக்கு வாறான். "பெட்டியில 12 கிலோ இடம் கிடக்கு அத்தான், என்ன வேணும்"னு கேட்டான். ரெட் லைட் பேனல் வேணும்னேன், வலிக்கு வெளிச்சம் காட்டுற சிவப்பு எல்.இ.டி. பலகை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

விஷயம் இதுதான். அம்மைக்கு 71 வயசு. ரெண்டு முட்டும் தேய்மானம், வலது கொஞ்சம் மோசம். வைத்திய ஆசான்கிட்ட எண்ணெய் தடவி உழிச்சல் பார்த்தாச்சு, வீடு முழுக்க இப்பவும் குழம்புத் தைல வாசம். அதுக்குப் பிறகு மார்த்தாண்டம் பக்கம் ஒரு பிசியோ சென்டர்ல பத்து நாள் சிவப்பு லைட் வச்சாங்க. பத்தாம் நாள் சுவரைப் பிடிக்காம கிணத்தடி வரை நடந்தாங்க. ஆனா பஸ் படி ஏறி இறங்கி அங்க போய் வாறதுலயே பாதி வலி திரும்பிருது. அதான் வீட்லயே ஒண்ணு போட்டுரலாம்னு நினைப்பு.

எனக்கும் ஆசை உண்டு, மறைக்கல. 280 ரப்பர் மரத்துல பால் வெட்டுதேன். விடியக்காலை மூணரைக்குத் தலையில லைட்டைக் கட்டிட்டு இறங்கணும். தாழ்ந்த வெட்டு உள்ள மரத்துக்குக் குனிஞ்சே நிக்கணும், ஏழு மணிக்கு நிமிர்றப்போ முதுகு நான் சொன்னபடி கேக்காது.

மச்சினன் ரெண்டு பேனல் படம் அனுப்பினான்.

பெரிசு: 91 செ.மீ. நீளம், 30 அகலம், 300 எல்.இ.டி., பெட்டியில "1500 வாட்". வெளிச்சத்துக்க அலைநீளம் 660-ம் 850-ம் நானோமீட்டர். 11 கிலோ. வெளிச்சத்துக்க பலம் 15 செ.மீ. தூரத்துல சதுர செ.மீ.க்கு 180 மில்லிவாட்னு போட்டிருக்கு. நம்ம ரூபாய்க்கு 62,000.

சின்னது: 45-க்கு 22. "600 வாட்". 630, 660, 810, 830, 850 அஞ்சும் உண்டாம். நாலரை கிலோ. 24,000.

பெரிசு மேலதான் எனக்குக் கண்ணு. ஒருதடவை வாங்குறோம், நல்லதா வாங்கிருவோம்னு. ஓட்டு வீடு, அயனி உத்திரம் பலமாத்தான் இருக்கு, அதுல தொங்கவிடலாமா? நம்ம கரண்டுக்கு ஒத்துவருமா? முக்கியமா, இது வேலை செய்யுமா? முன்னால காந்தப் படுக்கைன்னு ஒண்ணு 18,000 கொடுத்து வாங்கினேன். இப்போ அதுல பூனை கிடக்கு. பூனைக்கு ஒரு வலியும் இல்ல.

வயர்மேன் (தக்கலை)

தம்பி, முதல்ல அந்த 1500-ஐ மறந்துருங்க. 300 எல்.இ.டி. மணி, ஒவ்வொண்ணும் 5 வாட் தாங்கும்னு பெருக்கிப் போட்ட நம்பர் அது. நிஜமா அவ்வளவு கொடுத்தா மணி பொரிஞ்சு போகும், அதனால குறைச்சுத்தான் ஓட்டுவான். இதே சைஸ்ல ஒண்ணு எனக்க கைக்கு ரிப்பேருக்கு வந்தது. கரண்டு அளக்குற கிளாம்ப் மீட்டர் போட்டேன், 1.4 ஆம்பியர். 230-ஆல பெருக்கினா 320 வாட் சொச்சம். இழுக்குற ஆம்பியர் எல்லாம் வேலைக்கு ஆகாது, அந்த பவர் ஃபேக்டர் கழிச்சா அதுவும் குறையும்.

இனி கணக்கைப் பாருங்க. நல்ல எல்.இ.டி.ன்னே வச்சுக்கிடுவோம், இழுக்குறதுல பாதி வெளிச்சமா வரும், மீதி சூடா போகும். 160 வாட் வெளிச்சம். பேனல் பரப்பு 91 × 30, அதாவது 2730 சதுர செ.மீ. வகுத்தா சதுர செ.மீ.க்கு 59 மில்லிவாட் கிட்ட. பேனல் வாசல்லயே சராசரி அவ்வளவுதான், தள்ளிப் போனா குறையத்தான் செய்யும். பின்ன 180 எங்கேருந்து வந்தது? வெயில் அளக்குற சோலார் மீட்டரைப் பிடிச்சிருப்பான். அதுல உள்ள சிலிக்கான் சென்சர் வெயிலுக்குன்னு அளவு சரி பண்ணி வச்சது. சிவப்பும் அகச்சிவப்பும் மட்டும் பட்டா கூட்டிக் காட்டும். தேங்கா நிறுக்குற தராசுல பொன்னை வச்ச கதை.

சின்னதுக்க மேனுவல்ல "மின் நுகர்வு"ன்னு ஒரு வரி இருக்கும், அதை மச்சினன்கிட்ட படிக்கச் சொல்லுங்க. அதுதான் நிஜ நம்பர்.

துபாய் கரண்டும் நம்மளதும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்குக்கு மட்டும் சதுரக் கால் மூணு இருக்கும், வெட்டிட்டு நம்ம 6 ஆம்பியர் மூணு கால் பிளக் போடணும். எர்த்து வயரை விட்டுராதீங்க, தகர உடம்பு பாத்துக்கிடுங்க. ஓட்டு வீட்ல பழைய வயரிங்ல எர்த்தே இல்லாத பாயிண்ட் நான் எத்தனையோ பார்த்திருக்கேன்.

பால்வெட்டுக்காரன்

அண்ணாச்சி, கேட்டேன். சின்னதுல 150 வாட்னு போட்டிருக்காம். நீங்க சொன்ன கணக்கையே போட்டேன்: 75 வாட் வெளிச்சம், 990 சதுர செ.மீ., வகுத்தா 75 வருது. பெரிசை விடக் கூடுதலா! நான் எங்கேயோ தப்பா வகுத்துட்டேனா?

வயர்மேன் (தக்கலை)

தப்பே இல்ல. பெரிசு வாங்கினா கிடைக்கறது பரப்பு, பலம் இல்ல. முழு முதுகும் தொடையும் ஒரே நேரத்துல நனையணும்னா பெரிசு. கால்முட்டு ஒரு சிரட்டை அளவு. அதுக்கு மூணடி பேனல் வச்சா பாக்கி வெளிச்சம் சுவருக்கு வைத்தியம் பார்க்கும்.

பிசியோ அக்கா (மார்த்தாண்டம் பக்கம்)

தம்பி, ஒரு கேள்வி. அந்த சென்டர்ல அம்மாவுக்கு வச்சது என்ன லைட்? அம்மாகிட்டயே கேளுங்க: சூடு இருந்துச்சா? ஸ்டாண்டுல குண்டு பல்பா? ஏன் கேக்கேன்னா, நிறைய இடத்துல "சிவப்பு லைட்"ன்னு சொல்றது இன்ஃப்ராரெட் லேம்ப். அது சூட்டு வைத்தியம். சதை இளகும், கொஞ்ச நேரம் வலி அடங்கும். நீங்க வாங்கப் போற எல்.இ.டி. பேனல் வேற. அதுல சூடு பேருக்குத்தான். செல்லுக்குள்ள உள்ள ஒரு நொதி அந்த நிறத்தை உறிஞ்சுறதால வேலை நடக்குதுங்கிறது அதுக்க பின்னால உள்ள விளக்கம்.

வேலை செய்யுமான்னு கேட்டீங்க. 2019-ல பி.எம்.ஜே. ஓப்பன்ங்கிற மருத்துவ இதழ்ல முட்டுத் தேய்மானத்துக்கு லேசர் வச்ச சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. 785-ல இருந்து 860 நானோமீட்டர் லேசர்னா ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல் (ஜூல்னா வெளிச்ச சக்திக்க அளவு). அந்த அளவு கொடுத்த சோதனைகள்ல வலி குறைஞ்சது நல்லாத் தெரிஞ்சது. ஆனா அது லேசர், புள்ளி புள்ளியா வைக்கிறது. தூரத்துல தொங்குற பேனலுக்கு அதை அப்படியே ஒட்டிக்கிட முடியாது. விளம்பரத்துல ஒட்டுவாங்க.

வெளிச்சத்துக்கும் மருந்து மாதிரி அளவு உண்டு. மில்லிவாட்டை செகண்டால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா ஜூல். 50 மில்லிவாட் படுற இடத்துல பத்து நிமிஷம் இருந்தா சதுர செ.மீ.க்கு 30 ஜூல் ஆயிருது. கூட நேரம் இருந்தா கூடப் பலன்னு கிடையாது, கூடிப் போனா கிடைச்ச பலனும் குறையலாம்.

அம்மாவுக்கு சுகர் உண்டா? பாதம் மரத்துப் போகுதா? கண் ஆபரேஷன் ஆனதா? வெயில் பட்டா தோல் தடிக்கிற மாத்திரை ஏதாவது? இதை எல்லாம் டாக்டர்கிட்ட சொல்லிட்டுத் தொடங்குங்க. 850 கண்ணுக்குத் தெரியாது, அதனால கண்ணு கூசி மூடாது. லைட்டைப் பார்த்துட்டு இருக்க வேண்டாம்.

அப்புறம், லைட்டு வச்ச அந்தப் பத்து நாள் காலுக்குப் பயிற்சியும் சொல்லித் தந்திருப்பாங்களே? அது நடக்குதா?

குளச்சல் காத்து

நான் ரெண்டு வருஷமா பெரிசு வச்சிருக்கேன், முதுகுக்கு. வந்த அன்னிக்கே பாதி எல்.இ.டி. மணி கத்தலை, அதாவது எரியலைன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன். எனக்க மகள்தான் போன் கேமராவைப் பிடிச்சுக் காட்டினா, கத்தாத மணியெல்லாம் வெளிறின ஊதாவா தெரியுது. அது 850. கடைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

எங்க வீடு கடலுக்குப் பக்கம். பின்பக்க ஃபேன் ஒரு வருஷத்துல உப்புக் காத்துல கரகரன்னு சத்தம் போட்டு நின்னுருச்சு. ஃபேன் நின்னா சூடு ஏறி பேனலே போயிரும். குலசேகரத்துல உப்பு இல்ல, ஆனா மழைக்கால ஈரம் உண்டே. துணி போட்டு மூடி வைங்க, ஓடும்போது எடுத்துருங்க.

உத்திரத்துல தொங்கவிடுறதுக்கு முன்னால ஒண்ணு யோசிங்க. எனக்க பேனல்கூட வந்த மெல்லிசுக் கயிறும் கப்பியும் ஆறாம் மாசம் வழுக்கிருச்சு. கட்டில்ல ஆள் இல்ல, தப்பிச்சோம். 11 கிலோ, 71 வயசு ஆளுக்க கால்முட்டுக்கு மேல! சின்னதை ஸ்டூல்ல சாய்ச்சு வச்சாலே போதும்.

பால்வெட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டதை அம்மைகிட்ட கேட்டேன். "சூடா? அடுப்புல பால் பொங்குறப்போ பக்கத்துல நிக்கிற மாதிரி, நல்ல சொகமான சூடு"ன்னாங்க. குண்டு பல்புதான், ஸ்டாண்டுல. அரை மீட்டர் தள்ளி வச்சாங்களாம். அப்போ நான் 62,000 ரூபாய்க்கு வாங்கப் போனது அம்மைக்கு வச்ச சாதனமே இல்ல. பயிற்சி? "அது நீ மரம் வெட்டப் போன பிறகு செய்யுதேன்"ன்னாங்க. சம்சாரம் பின்னால நின்னு இல்லைன்னு தலையாட்டினா.

அந்த குண்டு பல்பையே வாங்கலாம்னு பார்த்தா அம்மைக்கு சுகர் உண்டு, இடது பாதம் கொஞ்சம் மரப்பு. சூடு தெரியாம தோல் வெந்துரும்னு டாக்டர் வேண்டாம்னுட்டார். எல்.இ.டி. வச்சுப் பாருங்க, பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம், பயிற்சியை விடாதீங்கன்னார். அதனால சின்னதுதான் சொல்லியாச்சு. எனக்க முதுகுக்கு ரெண்டு தடவை மாத்தி வச்சுக்கிடுதேன், அவ்வளவுதானே.

வயர்மேன் (தக்கலை)

வந்ததும் ஒரு சோதனை சொல்லுதேன். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், எல்லாத்தையும் அணைச்சுட்டு பேனலை மட்டும் போடுங்க. ஈ.பி. மீட்டர்ல ஒரு சிவப்புப் புள்ளி மின்னும், பக்கத்துல 3200 இம்ப்னு எழுதியிருந்தா ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல்னு அர்த்தம். 150 வாட் நிஜம்னா நிமிஷத்துக்கு எட்டு மின்னல். நாலுதான் வருதுன்னா 75 வாட்தான் இழுக்குது, மச்சினனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க.

பால்வெட்டுக்காரன்

எண்ணிப் பார்த்துட்டு வந்து எழுதுதேன் அண்ணாச்சி. அம்மைகிட்ட புது லைட்டுல சூடு இருக்காதுன்னு சொன்னேன். "சூடு இல்லாத லைட்டை வச்சு நான் என்ன செய்ய, உள்ளி உரிக்கவா"ன்னு கேட்டாங்க. மிச்சம் இருக்க ஏழரை கிலோவுக்கு சம்சாரம் லிஸ்ட் எழுதி மச்சினனுக்கு அனுப்பியாச்சு.