ஊர் தியேட்டர் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி? (அனுபவப் பகிர்வு)

தேனிப்பக்கத்தான்:
படப்பெட்டி எங்கள் ஊருக்கு வருவதற்குள் மதுரையில் படமே தூக்கியிருப்பார்கள். வந்த பிரிண்ட்டிலும் கோடு கோடாக மழை பெய்யும். படத்தை டிஜிட்டலாக அனுப்பும் கியூப் வந்தபின் சென்னையில் ரிலீஸான அன்றே எங்களுக்கும் முதல் காட்சி. பட்டாசு, பாலாபிஷேகம், எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு நிற்பது ஆபரேட்டர் அண்ணன்தான். படம் ஓடும்போது ரூமைவிட்டு நகராத மனிதர், அன்று இடைவேளைக்கு முன்பே எங்கள் பின்னால் வந்து சுவரில் சாய்ந்துகொண்டு படம் பார்த்தார். "மேலே யாரு இருக்காங்கண்ணே?" என்றேன். "யாரும் வேண்டாமாம்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

அம்மாச்சி பேரன்:
2012இல் கர்ணனை டிஜிட்டலில் புதுப்பித்து விட்டார்களே, அப்போது. 1964இல் பார்த்த படம் என்று தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தது அம்மாச்சி. அந்தக் கிழவிகள் எல்லாம் சாவு, சடங்கு தவிர வேறெதற்கும் சேர்ந்து வெளியே போனதில்லை. கர்ணனிடம் கண்ணன் புண்ணியத்தைத் தானமாகக் கேட்கிற இடத்தில், "அடப் படுபாவி!" என்று அம்மாச்சி போட்ட சத்தத்தில் முன்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். அம்மாச்சி அவர்களையும் திட்டியது.

பால்கனி டிக்கெட்:
தேனிப்பக்கத்தான், அதே நாளில் வருகிறது, சரி. அடுத்த வெள்ளிக்கிழமை இருக்கிறதா? எல்லா ஊரிலும் ஒரே நாளில் போட்டால் ஒரே வாரத்தில் கதை முடிந்தது. புரொஜக்டர் மாற்றப் பணமில்லாத தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகிவிட்டன. 2018 மார்ச் 1 முதல் தயாரிப்பாளர்கள் புதுப்படம் தர மறுத்ததும் கியூப் மாதிரி நிறுவனங்கள் வாங்கும் டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்துத்தான். ஏப்ரல் பாதி தாண்டியும் எங்கள் ஊரில் பழைய படம்தான். ஒருநாள் எட்டே பேர், நடுவில் ஒருவர் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து சாவகாசமாகச் சாப்பிட்டார்.

நூலக வட்டம்:
நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் எடுத்த குறும்படத்தைக் காலைக் காட்சியாகப் போட்டோம். தன் முகத்தைத் திரையில் பார்த்ததும் ஒரு பிள்ளை சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. நீங்களும் செய்யலாம். முதலில் வார நாள் காலையைக் கேளுங்கள், தியேட்டர் சும்மாதான் கிடக்கும். பென் டிரைவில் எம்பி4 கொண்டுபோய் நிற்காதீர்கள், டிசிபியாக, அதாவது தியேட்டர் டிஜிட்டல் புரொஜக்டருக்கான கோப்பு வடிவமாக மாற்ற வேண்டும். டிசிபி-ஓ-மேட்டிக் இலவச மென்பொருள், அதுவே போதும். என்கிரிப்ட் செய்து கோப்பைப் பூட்டாதீர்கள், பூட்டினால் அந்தத் தியேட்டர் சர்வருக்கென்று தனியாகக் கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி எடுக்க வேண்டும், அதில் குறித்த நேரம் தவறினால் படம் ஓடாது. முந்தைய நாளே போட்டுப் பாருங்கள், முக்கியமாக ஒலியை. பொதுமக்களுக்குக் காட்டுவதானால் சென்சார் சான்றிதழ் வேண்டும். அப்புறம், ஆடியோவை

அம்மாச்சி பேரன்:
அண்ணே, போதும். அந்தப் பிள்ளை வெளியே வந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.