கண் அலர்ஜிக்கும் கருவிழி மெலிவதற்கும் என்ன தொடர்பு?

கேள்வி:
வணக்கம். என் மகனுக்கு வயது 12. ஐந்தாண்டுகளாகப் பங்குனி பிறந்தாலே கண் சிவந்து, அரிப்பெடுத்து, காலையில் இமையோரத்தில் பீளை நூல்போல் இழுபடும். சொட்டு மருந்து விட்டால் அடங்கும்; நிறுத்தினால் திரும்பும். எட்டே மாதத்தில் இடக்கண்ணின் சிலிண்டர் பவர் (கண்ணின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் கண்ணாடி அளவு) 1.5இலிருந்து 3.25 ஆனதால் கருவிழியை ஸ்கேன் செய்தார்கள். மிக மெலிந்த இடம் 468 மைக்ரான், கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய்) தொடங்கிவிட்டது என்கிறார்கள். அலர்ஜி எப்படிக் கருவிழியை மெலிய வைக்கும்?

பதில் 1 (கண் பரிசோதகர்):
இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் கைதான். மகன் கண்ணைக் கசக்கும்போது சற்றுக் கவனியுங்கள். இத்தகைய பிள்ளைகள் விரல் நுனியால் தடவுவதில்லை. மடக்கிய விரல் முட்டியை இமைமேல் அழுத்தி மாவாட்டுவதுபோல் சுழற்றுவார்கள். சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழி அந்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும்போது, அதற்கு உறுதி தரும் கொலாஜன் எனும் புரத இழைகள் தளர்ந்து நடுப்பகுதி கூம்பாகப் பிதுங்குகிறது. போதாததற்கு, அழற்சியுள்ள கண்ணின் நீரில் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளும் கூடுகின்றன. கசக்குவதே மூலகாரணம் என்று பாரிஸின் டாமியன் கத்தினெல் போன்ற மருத்துவர்கள் வாதிடுகிறார்கள். பரம்பரைக் கூறும் வேண்டும் என்போரும் உண்டு. கசக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை என்பதால் எனக்குப் பின்னதே சரியாகப்படுகிறது. எப்படியானாலும், அரிப்பை அடக்காமல் "கசக்காதே" என்று பிள்ளையை அதட்டிப் பயனில்லை.

பதில் 2 (ஒரு தந்தை):
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, உடனே கேட்கிறது என்பதற்காக, மருத்துவரைக் கேளாமல் மருந்துக்கடையில் நாங்களே வாங்கி விட்டுக்கொண்டிருந்ததில் மகனுக்குக் கண் அழுத்தம் ஏறிவிட்டது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். பிறகு, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் என்ற அழற்சி அடக்கும் களிம்பில்தான் அலர்ஜி கட்டுக்குள் வந்தது. அது அடங்கும் வரை கிராஸ் லிங்கிங் (கருவிழி இழைகளைப் பிணைத்து உறுதியாக்கும் சிகிச்சை) செய்ய மருத்துவர் ஒப்பவில்லை, ஏனெனில் அதற்காக நீக்கும் கருவிழியின் மேல்தோல், அழற்சியுள்ள கண்ணில் ஆறத் தாமதமாகும். மஞ்சள் நிற ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டுகளை ஊறவிட்டு, 30 நிமிடம் புற ஊதாக் கதிர் காட்டினார்கள். வழக்கமான முறைக்கு, மேல்தோலை நீக்கிய பின்னும் 400 மைக்ரானாவது இருக்க வேண்டுமாம். சிறுவர்களுக்கு நோய் வேகமாக முற்றும் என்பதால் நாள் கடத்தாதீர்கள். இது மெலிவை நிறுத்தத்தான், கண்ணாடி தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு அவன் தூங்கிய பின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தூக்கத்திலேயே இடக்கை முட்டி இடக்கண்ணுக்குத்தான் போகிறது, வலக்கண்ணுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. இரவில் கண்ணுக்கு மூடி போடலாமா என்று நாளை மருத்துவரிடம் கேட்கிறேன்.

பதில் 1:
கட்டாயம் கேளுங்கள். வலக்கண்ணின் ஸ்கேனையும் காட்டுங்கள். இந்நோய் பெரும்பாலும் இரு கண்களிலும் வரும், ஒன்று முந்தும், மற்றது பிந்தும். அரிக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல், அழுத்தாமல், வைக்கப் பழக்குங்கள்.